முட்டைக்குள் அசையாத சுறா

மார்ச் 4, செவ்வாய்

மீன் காட்சியகத்தில் சுறாத் தொட்டியைத் தேய்த்து இடுப்பு விட்டுப்போயிற்று. கண்ணாடிக்கு வெளியே ஒருவர் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தார்: "சுறா நீந்துறத நிறுத்துனா செத்துரும்." எங்கள் மூங்கில் சுறா தரையில் வயிற்றைப் பரப்பிப் படுத்தபடி அவரையே பார்த்தது. அந்த வகைக்குப் படுத்தபடியே மூச்சுவிட வரும். கொடுத்துவைத்தவள். பல் விழுந்தாலும் முளைத்துக்கொண்டே இருக்கும். நான் ஒரு பக்கமாகத்தான் மெல்கிறேன்.

மகள் புருஷன் வீட்டிலிருந்து வந்து ஒரு மாதம். ஏன் வந்தாய் என்றால் வாயே திறப்பதில்லை.

மார்ச் 10, திங்கள்

ஆணே இல்லாத தொட்டியில் மூங்கில் சுறா போட்ட முட்டைகளில் ஒன்றுதான் மிச்சம். ஆண் துணை இல்லாமலும் சில சுறாக்கள் குட்டி பெறுமாம். டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே சுண்டுவிரல் அளவு குட்டி. அசைவே இல்லை. "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாரும்மா, அப்புறம் தூக்கிப் போடு" என்றார் மேனேஜர்.

மகளிடம் "எப்பத்தான் போகப் போற?" என்று கத்திவிட்டேன். அவள் துணி மடிக்கப் போய்விட்டாள். ஞாயிறன்று வந்து அழைத்துப் போங்கள் என்று மாப்பிள்ளைக்குப் போன் செய்துவிட்டேன். எத்தனை நாள்தான் இப்படி?

மார்ச் 14, வெள்ளி

முட்டையைக் கையில் எடுத்துவிட்டேன். மீன் டாக்டரம்மா ஓடி வந்தார். "ஐயோ, போட்டுறாதீங்க! உள்ள வச்சுட்டுத் தள்ளி வாங்க."

சுறாவின் மூக்கைச் சுற்றிப் பொடித் துளைகள் உண்டு. பக்கத்தில் எந்த உயிர் வந்தாலும் அதன் உடம்பில் ஓடும் மின்சாரம் அதில் தெரியுமாம். முட்டைக்குள் இருக்கும் குட்டிக்கும்கூட. தின்ன வருகிறார்கள் என்று பட்டால் மூச்சையே நிறுத்திவிடும்.

தள்ளி நின்றோம். கொஞ்ச நேரத்தில் வால் ஆடியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. குப்பையில் போடப் பார்த்தேனே!

மார்ச் 16, ஞாயிறு

வாசலில் மாப்பிள்ளையின் பைக் சத்தம். மகள் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. மூச்சும்தான் – பக்கத்தில்தானே நின்றேன், நெஞ்சு ஏறி இறங்கவில்லை.

"கிளம்பலாமா அத்தை?" சிரித்த முகம்.

"அவ வரமாட்டா."

"ஏன், என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. அதனாலதான். நீங்க கிளம்புங்க."

கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாளையும் போட்டேன்.

மார்ச் 17

லீவு. இரண்டு பேரும் தூங்கினோம்.

ஏப்ரல் 2, புதன்

குட்டி வெளியே வந்துவிட்டதாம், டாக்டரம்மா போன் செய்தார். நான் வக்கீல் ஆபீஸ் பெஞ்சில். உள்ளே மகள் பேசிக்கொண்டிருந்தாள். அவன் செய்ததையெல்லாம் ஒன்றுவிடாமல், வெளியே கேட்கிற சத்தத்தில். எனக்குக் கேட்க முடியவில்லை. எழுந்து போகவும் இல்லை.