பாஸ்டனில் நான் சொன்ன ‘சரி’

1788 ஜனவரி 5
திங்களன்று பாஸ்டன் பயணம். புதிய அரசியலமைப்பை மாசசூசெட்ஸ் ஏற்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் அவைக்கு ஊர் என்னை அனுப்புகிறது. தனிமனிதனைக் காக்கும் உரிமைப் பட்டியல் அதில் இல்லை. ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டு வா என்பது ஊர்க்கூட்டத்தின் கட்டளை.

என் மைத்துனன் ரூஃபஸை, போன வருஷம் கடன் தாங்காத விவசாயிகள் செய்த கலகத்தில் படை வந்து பிடித்துப்போனது. குற்றம் என்னவென்றே சொல்லாமல் குளிர்காலம் முழுக்கச் சிறை. இன்று சொன்னான்: “மச்சான், நம்ம மாநிலச் சட்டத்துல உரிமையெல்லாம் எழுதித்தான் இருந்துச்சு. அப்பவே தூக்கிட்டுப் போனாங்க. எழுதாத எடத்துல என்ன செய்வாங்க?”

ஜனவரி 22
வக்கீல்கள் பேசுகிறார்கள், பேசுகிறார்கள். அவை கூடும் தேவாலயத்துக்குள் கால் விறைக்கிறது.

ஜனவரி 31
ஒரு புது யோசனை. ஏற்றுக்கொள்வோம், கூடவே இன்னின்ன திருத்தங்கள் வேண்டுமென்றும் கேட்போம். குற்றச்சாட்டு இல்லாமல் யாரையும் விசாரிக்கக் கூடாது என்பதும் அதில் ஒன்று. கேட்டால் தருவார்களா? மறுத்துவிட்டால் மட்டும் என்ன கிடைக்கும்? நாடே சிதறிப்போனால் யாரிடம் போய்க் கேட்பது?

பிப்ரவரி 6
‘சரி’ என்றேன். பத்தொன்பது வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது. ஊரெல்லாம் மணியோசை. நான் ரூஃபஸ் முகத்தில் எப்படி முழிப்பேன்?

பிப்ரவரி 9
வீடு. விஷயம் எனக்கு முன்பே வந்துவிட்டது. என்னைக் கண்டதும் ரூஃபஸ் எழுந்து வெளியே போய்விட்டான். என் மனைவி கெசியாதான், “மொதல்ல சாப்பிடுங்க. உங்க தம்பியா அவன்? என் தம்பி. நான் பாத்துக்கறேன்” என்றாள்.

பிப்ரவரி 18
ஊர்க்கூட்டம். “ஊரையே வித்துட்டு வந்துட்டான்!” என்று விடுதிக்கார எஸ்ரா கத்தினார். ரூஃபஸ் எழுந்தான். செத்தேன் என்று நினைத்தேன்.

“வித்தவன் காசோட வருவான். இவரு கோரிக்கையோட வந்திருக்காரு. பொறுத்துப் பாப்போம்” என்றான். பிறகு என் பக்கம் திரும்பி, “ஏமாத்தினாங்கன்னா உங்களைத்தான் கேப்பேன், மச்சான்.”

அப்பாடா. மூச்சு வந்தது. பாதி மூச்சு.

1792 ஜனவரி 14
தேவையான மாநிலங்களில் கடைசியாக வர்ஜீனியாவும் ஒப்புக்கொண்டதாம். உரிமைத் திருத்தங்கள் சட்டமாகிவிட்டன! நீதிபதியின் ஆணை இல்லாமல் வீடு புகுந்து தேடக் கூடாது என்பதும் அதில் ஒன்று. கெசியாவிடம் சொல்லப் போனவன் அழுதுவிட்டேன்.

ஏப்ரல் 3
ரூஃபஸ்தான் இப்போது ஊர்க் காவலர். போன மாதம் எல்லோருமாகத் தேர்ந்தெடுத்தோம். இன்று எஸ்ராவின் பன்றி காணாமல் போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரன் மேல் சந்தேகம்; கதவை உடைத்துத் தேடச் சொல்லி ஒரே கூச்சல்.

“நீதிபதி கையெழுத்து இல்லாம எவன் வீட்டுக்குள்ளயும் கால வைக்க மாட்டேன்.”

“அதுக்குள்ள தின்னே முடிச்சிடுவான்யா!”

“தின்னா தின்னுட்டுப் போறான்” என்று சொல்லிவிட்டு, கொட்டும் மழையில் நீதிபதி வீட்டுக்குக் குதிரையைத் திருப்பினான் ரூஃபஸ்.