சுண்டு ஏன் கண்ணை மூடுகிறாள்

ஜூன் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நான் நலம். அங்கே நீ, அண்ணி, என் சுண்டு எல்லோரும் நலமா? கேட்டுவிட்டேன், மரியாதை முடிந்தது. இனி சண்டை.

இந்த விடுதியில் இருப்பது ஒரே ஒரு போன். நான் குரலை உயர்த்துவதற்குள் பின்னால் நிற்கிறவர்கள் தொண்டையைக் கனைக்கிறார்கள். நிம்மதியாகச் சண்டை போடக் கடிதம்தான் சரி.

நேற்று சுண்டுவிடம், "இன்னிக்கு என்னடி படிச்ச?" என்று கேட்டேன். "தண்ணி ஊத்தினேன்" என்றாள். ஒரு குடுவையிலிருந்து இன்னொரு குடுவைக்காம். போன வாரம் வெங்காயம் நறுக்கினாளாம். அண்ணா, ரயில் ஓட்டப் பயிற்சிக்கு வந்த நான் பிள்ளையை விட்டுவந்தது உன் பள்ளிக்கூடத்தில், சமையல்கட்டில் இல்லை. ஆறு வயது முடிந்துவிட்டது. பக்கத்து அறைக்காரியின் பையன் பேப்பர் படிக்கிறான். இவளுக்குத் தன் பெயரை எழுதத் தெரியாது.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. பயமாக இருக்கிறது. என் பெண்ணுக்குப் புத்தி மந்தமோ என்று படுத்தால் தூக்கம் வரவில்லை. கப்பலில் இருக்கிற மனுஷனிடம் சொன்னால் நடுக்கடலில் அவர்தான் என்ன செய்வார்?

அடுத்த மாதம் எனக்கு விடுப்பு. அதோடு விடுதியை விட்டு வெளியே வீடு எடுக்கவும் அனுமதி கொடுத்துவிட்டார்கள். நான் வரும்போது அவள் ஒரு பக்கமாவது படிக்கவில்லை என்றால் கையோடு கூட்டிவந்து இங்கே சேர்த்துவிடுவேன். கண்டிப்பான பள்ளிக்கூடம் ஒன்று இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதே.

உன் தங்கை

ஜூன் 16

என் செல்ல வாயாடிக்கு,

கடிதம் கிடைத்தது. அண்ணி உரக்கப் படித்தாள். "சமையல்கட்டு" வந்த இடத்தில் அவள் சிரித்த சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

தண்ணீர் ஊற்றுவதை அவ்வளவு லேசாக நினைக்காதே. சிந்தாமல் ஊற்றுகிற கைதான் நாளைக்குப் பென்சிலைப் பிடிக்கும். எங்களிடம் பெஞ்சும் கரும்பலகையும் கிடையாது என்பது உனக்குத் தெரியும். பாயை விரித்து, அலமாரியிலிருந்து தனக்கு வேண்டிய வேலையைப் பிள்ளையே எடுத்துக்கொள்ளும். நாங்கள் யாரும் "தப்பு" என்று சொல்ல மாட்டோம்.

உன் பெண் என்ன எடுக்கிறாள் தெரியுமா? சொரசொரப்பான உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளை. மூலையில் உட்கார்ந்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, இரண்டு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தடவுகிறாள். காலை முழுவதும் தடவுகிறாள். அப்படி ஒரு லயிப்பை நான் எந்தப் பிள்ளையிடமும் பார்த்ததில்லை. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போகிற இடத்திலெல்லாம் இவள் கதையைத்தான் சொல்கிறேன். உலகத்தையே மறந்து எழுத்தை உள்ளே வாங்குகிற பிள்ளை என்று. டீச்சர்கள் பேனாவை எடுத்துக் குறித்துக்கொள்கிறார்கள்.

புத்தகத்தைக் கொடுத்தால் தள்ளிவிடுகிறாள், உண்மைதான். நான் வற்புறுத்துவதில்லை. பசிக்கும்போது தானே கேட்பாள்.

எத்தனை வருஷமாக இந்த எழுத்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் பஸ்ஸாக ஏறி இறங்குகிறேன் என்று உனக்குத் தெரியும். அதிகாரிகள் முகத்துக்கு நேரே சிரித்திருக்கிறார்கள், துடைத்துப் போட்டுவிட்டேன். சொந்தத் தங்கையே பிள்ளையை எடுத்துக்கொண்டு போனால் அதைத் துடைக்க முடியாது. அது கிடக்கட்டும். அவள் இல்லாவிட்டால் இந்த வீட்டில் எனக்குச் சோறு இறங்காது. வருஷக் கடைசி வரை பொறுத்துக்கொள்ளம்மா.

அன்புடன்,
அண்ணன்

ஜூலை 17

அண்ணா,

நீ பயிற்சி முகாம் முடிந்து வருவதற்குள் சுண்டுவைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன் என்று அண்ணி சொல்லியிருப்பாள். ஏன் என்று அவளிடமும் சொல்லவில்லை. எனக்கே நிச்சயமாகத் தெரியாமல் என்ன சொல்வது?

சனிக்கிழமை சாயங்காலம் அவளை உன் வீட்டு மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனேன். அங்கிருந்து ரயில் பாதை தெரியும் அல்லவா, அம்மா என்ன படிக்கிறாள் என்று காட்ட ஆசை. "அந்த சிக்னல் என்ன கலர் சொல்லு" என்றேன். "எந்த சிக்னல்?" என்றாள். கையை நீட்டிக் காட்டினேன். என் விரலையே பார்த்தாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன். கீழே வந்து காலண்டரைக் காட்டி இது எந்த எண் என்று கேட்டேன். காலண்டர் மேல் போய்க் கையை வைத்துத் தடவினாள் அண்ணா. அது வழவழவென்று இருந்ததால் அழ ஆரம்பித்துவிட்டாள்.

எங்களுக்கு இங்கே மாதாமாதம் கண் பார்க்கிறார்கள். அந்த டாக்டரிடமே கொண்டுபோனேன். கிட்டவும் சரியாகத் தெரியாது, தூரமும் தெரியாதாம். வலது கண் ரொம்ப மோசம். பிறந்ததிலிருந்தே இப்படி என்பதால் அவளுக்குக் குறை சொல்லத் தெரியவில்லை. எல்லோருக்கும் உலகம் கலங்கலாகத்தான் இருக்கும் என்று நினைத்திருக்கிறாள்.

அவள் கண்ணை மூடியது லயிப்பால் இல்லை. திறந்து வைத்து ஒரு பிரயோஜனமும் இல்லாததால்.

கண்ணாடி போட்டாயிற்று. மோசமான கண் வேலை செய்யப் பழக, நல்ல கண்ணைத் தினம் கொஞ்ச நேரம் மறைத்துக் கட்ட வேண்டும். இந்த வயதில் கண்டுபிடித்ததால் சரியாகிவிடும் என்று டாக்டர் உறுதியாகச் சொன்னார். "புத்தில ஒண்ணும் குறையில்லையே டாக்டர்?" என்று கேட்டேன். "அவங்க அம்மாவைவிட விவரமா இருக்கா" என்றார். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மாதக்கணக்கில் நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது. அந்தச் சந்தோஷத்தில் உன் மேல் முழுசாகக் கோபப்படக்கூட முடியவில்லை. ஆனால் கோபம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தைப் பற்றி யோசித்துச் சொல்கிறேன்.

தங்கை

ஜூலை 23

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை வாங்கிக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். கண் சரியாகிவிடும் என்ற வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். போன உயிர் வந்தது.

பிள்ளையைக் கவனியுங்கள், பிள்ளையைக் கவனியுங்கள் என்று ஊரெல்லாம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியவன் நான். தினமும் என் எதிரில் உட்கார்ந்திருந்தாள். நான் பார்த்தது அவளை இல்லை, பயிற்சியில் சொல்ல ஒரு நல்ல கதையை. வெட்கமாக இருக்கிறது அம்மா. பெற்ற தாயின் பயத்தைக்கூடச் சிரித்துத் தள்ளினேன்.

திங்கட்கிழமை பயிற்சியில் நடந்ததை அப்படியே சொன்னேன். ஒரு டீச்சர் எழுந்து, "அப்போ இந்த முறையே சரியில்லையா சார்?" என்று கேட்டார். "முறை சொல்றது கவனிக்கணும்னு. நான் ரசிச்சேன்" என்றேன். மதியம் சாப்பாட்டின்போது அவரே வந்து, தன் வகுப்பில் கூப்பிட்டால் திரும்பாத பையன் ஒருவன் இருக்கிறான், காதைப் பார்க்கச் சொல்கிறேன் என்றார்.

சுண்டுவைத் திருப்பி அனுப்பு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நீ எங்கே சேர்த்தாலும் சரி. நன்றாக இருக்கட்டும். அண்ணி அவள் துணிகளை இன்னும் மடித்து வைக்கவில்லை.

உன் அண்ணன்

ஆகஸ்ட் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

முதலில் ஒன்று. அழுது வடியாதே. உனக்கு அது பொருந்தவில்லை.

நேற்று அந்தக் கண்டிப்பான பள்ளிக்கூடத்துக்குப் போனோம். தலைமை ஆசிரியை ஒரு புத்தகத்தை நீட்டி, "படி" என்றார். சுண்டு கண்ணாடியைச் சரி செய்துகொண்டாள், எழுத்துக்குக் கீழே விரலை வைத்தாள், படித்தாள். மெதுவாகத்தான், ஆனால் படித்தாள். ஒரு பக்கம் முழுவதும்.

"யாருடி உனக்குச் சொல்லிக் குடுத்தா?"

"யாரும் சொல்லிக் குடுக்கல. கைக்கு எல்லாம் தெரியும்மா. இப்ப கண்ணு அதைப் பார்க்குது."

அதற்குள் அந்த அம்மாள், "விரல் வச்சுப் படிக்கக் கூடாது" என்று ஸ்கேலால் அவள் விரலில் ஒன்று வைத்தார். பெரிய அடி இல்லை. ஆனால் எந்த விரல் என்று பார்த்தாயா அண்ணா. எழுந்தேன், "ரொம்ப நன்றிங்க" என்றேன், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டேன்.

என் பயிற்சி முடிகிற வரை உன்னிடமே இருக்கட்டும். ஒரு நிபந்தனை. இனி உன் பள்ளிக்கூடத்தில் சேர்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல் வேலை கண்ணும் காதும் பார்ப்பது. அதற்கப்புறம் தண்ணீர் ஊற்றட்டும்.

கீழே அவளே எழுதியிருக்கிறாள். நான் கிட்டே போகவில்லை, திருத்தவும் இல்லை.

உன் வாயாடி

மாமா
அம்மா கிட்ட உங்க போட்டோ இருக்கு. கண்ணாடி போட்டு பாத்தேன்.
நீங்க ரொம்ப அழகா இருப்பீங்கனு நெனச்சேன்.
பரவாயில்ல.
ஞாயித்துகெழம வரேன்.
சுண்டு