சாருஜாவின் உடம்பு கற்ற பாடம்

அன்புள்ள நிரஞ்சலாவுக்கு,

கண்டியில் நானும் எங்கள் மகள் சாருஜாவும் நல்ல சுகம். ஊரில் உமது முழங்கால் வலி எப்படி?

செங்கமாரி என்ற மஞ்சள் காமாலை வராமலிருக்கப் போட்ட தடுப்பூசி, எச்.ஐ.வி. உள்ள அவளின் உடம்பில் வேலை செய்யுமோ என்று பயந்தோமே? இன்று பேராதனை ஆஸ்பத்திரியில் இரத்தச் சோதனை முடிவு சொன்னார்கள்.

"நல்லா வேலை செய்திருக்கு. எச்.ஐ.வி. மருந்துக் குளிசையை நாள் தவறாமல் ஒழுங்காக் குடுத்த பலன்" என்றார் டொக்டர்.

எட்டாம் வகுப்போடு நின்ற நான், "உள்ளுக்கை இருந்து ஆர் அந்த உடம்புக்குப் படிப்பிச்சது?" என்று கேட்டுவிட்டேன்.

"அப்பா, மானத்தை வாங்காதையுங்கோ!" என்றாள் மகள்.

ஆனாலும் பாரும், துளி மருந்தைக் கண்டு அந்தச் சின்ன உடம்பு தானாகவே காவல் போட்டிருக்கிறது! பஸ்ஸில் ஊசி போட்ட அவள் கையையே நான் பார்த்துக்கொண்டிருந்ததில், இறங்குமிடம் தாண்டிக் கட்டுகஸ்தோட்டைக்கே போய்விட்டோம்.

கறித்தூள் வறுத்து அனுப்பும். கடைத்தூளில் சோறு இறங்குதில்லை. வேலைக்கு நேரமாகிறது. அந்தக் கையைத் தொட்டுப் பார்க்க ஒருக்கா வாரும்.

உமது,
றமணன்