இரண்டாவது பிரேக்

பிப்ரவரி 3

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் நலமா? போனில் கூப்பிட்டால் "ம், சரி, சாப்பிட்டியா" என்று மூன்றே வார்த்தையில் வைத்துவிடுகிறீர்கள். நாள் முழுக்க டிரைவிங் ஸ்கூல் காரில் கத்திக் கத்தி உங்களுக்கு வாய் வலிக்கும், தெரியும். எழுதினால் மட்டும் பக்கம் பக்கமாக எழுதுவீர்கள். அதனால்தான் நானும் தாளை எடுத்துவிட்டேன்.

ஒரு சேதி. எங்கள் பல்கலைக்கழகத்தில் 'பத்து நிமிட மேடை' நடக்கப்போகிறது. எந்தத் துறை மாணவரும் ஏறலாம். ஒரு யோசனையைப் பேசலாம், நடிக்கலாம், பாடலாம், ஆனால் பத்தே நிமிடம். நூற்றுப் பதினான்கு பேர் பெயர் கொடுத்து இருபது பேரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அதில் நானும் ஒருத்தி!

அன்றிலிருந்து ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. விடுதி மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டே பேசிப் பார்க்கிறேன். அறைத்தோழி, "நீ மேடை ஏறுறதுக்குள்ள எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும்" என்கிறாள். தலைப்பு இப்போது வேண்டாம், பிறகு சொல்கிறேன். இன்னொன்று, மாணவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. அதனால் நீங்கள் வீணாக லீவு போட வேண்டாம்.

உங்கள்
வாயாடி


பிப்ரவரி 9

அன்புள்ள வாயாடிக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன். அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். ரத்தப் பரிசோதனை லேபில் இந்த மாதம் வேலை அதிகம், ஆறு மணிக்கே கிளம்பிவிடுகிறாள். "நல்லா பேசுவா, ஆனா எப்போ நிறுத்தணும்னு தெரியாது" என்றாள். நான் சொல்லவில்லை, அவள் சொன்னது.

நமது காருக்குக் கிளட்ச் மாற்றியாகிவிட்டது. இப்போது என்னிடம் ஓட்டப் பழகுகிறவர்களில் ஒருவர் தினமும் இங்கிருந்து பஸ்ஸில் போய் உங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்க்கிற ஓர் அம்மா. நல்ல மாதிரி. ஆனால் இடது பக்கம் திரும்பச் சொன்னால் முதலில் என்னைத் திரும்பிப் பார்ப்பார், பிறகுதான் சாலையை.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். பயம் வந்தால் வேகம் கூடும். காரில் மட்டுமில்லை, பேச்சிலும். மெதுவாகப் பேசு.

வெளியாட்களை விடமாட்டார்களா? போகட்டும். என் சட்டைக்கு இஸ்திரி போடுகிற வேலை மிச்சம். தலைப்பையாவது சொல்லியிருக்கலாம்.

அன்புடன்
அப்பா


பிப்ரவரி 20

அன்புள்ள அப்பா,

முடிந்தது! அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள்.

நானூறு பேர் அப்பா. எனக்கு முன்னால் வேதியியல் மாணவன் ஒருவன் கண்ணாடிக் குடுவைகளில் தட்டித் தாளம் போட்டான். இரண்டு பெண்கள் ஒரு வார்த்தை பேசாமல் கையாலேயே பட்டிமன்றம் நடத்தினார்கள். தாவரவியல்காரி ஒருத்தி நூலகச் சுவரில் முளைத்த பாசியைப் பற்றிப் பேசினாள். பாசியில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன், கடைசியில் அந்தச் சுவரைப் போய்த் தொட்டுப் பார்க்கலாம் போலிருந்தது.

பதினோராவதாக நான். இரண்டாவது நிமிடத்திலேயே சிரிக்க ஆரம்பித்தார்கள். ஏழாவது நிமிடத்தில் அரங்கமே அசையவில்லை. இறுதிச் சுற்றுக்கு ஆறு பேர், அதில் நான் உண்டு. வீடியோவையும் போட்டுவிட்டார்கள், எல்லாரும் பார்க்கிறார்கள்.

தலைப்பு சாதாரணமானதுதான். பெற்றோர், பிள்ளைகள், அந்த மாதிரி. உங்களைப் பற்றியும் இரண்டு வரி வரும், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இவ்வளவு சந்தோஷத்திலும் ஏனோ சாப்பாடு இறங்கவில்லை. களைப்பாக இருக்கும்.

உங்கள்
வாயாடி


பிப்ரவரி 26

அன்புள்ள மகளுக்கு,

நானும் அங்கே இருந்தேன்.

நூலகத்து அம்மாதான் சொன்னார், "வெளியாட்களுக்கும் சீட்டு உண்டே சார், உங்க பொண்ணு சொல்லலையா?" என்று. அவரே ஒன்று வாங்கித் தந்தார். நீ மறந்திருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன். உனக்குப் பதற்றம் வேண்டாமென்று கடைசி வரிசையில் தூணோரம் உட்கார்ந்தேன்.

"எங்க அப்பா வண்டியில ரெண்டு பிரேக். ஒண்ணு ஓட்டுறவங்களுக்கு, ஒண்ணு அப்பாவுக்கு. வீட்டிலயும் அப்படித்தான்" என்று நீ ஆரம்பித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் குரலை அப்படியே பிடித்திருந்தாய், இருமலைக்கூட விடவில்லை. பக்கத்தில் இருந்த பையன் சிரித்துக்கொண்டே, "இப்படியும் ஒரு அப்பா இருப்பாரா அங்கிள்?" என்றான். "இருப்பாங்க தம்பி" என்றேன்.

நான் உன்னை நாடகக் குழுவில் சேரவிடாதது உண்மை. சுற்றுலாவுக்கு அனுப்பாததும் உண்மை. அதையெல்லாம் நீ சொல்லலாம், உனக்கு உரிமை உண்டு.

ஆனால் அம்மா வண்டி ஓட்டப் பழகியபோது, அவள் கையை ஸ்டீயரிங்கிலிருந்து நான் தட்டிவிட்டதாகவும், "பொம்பளைக்கு எதுக்கு வண்டி" என்றதாகவும் சொன்னாய். அரங்கமே "ச்சே" என்றது. அந்தப் பையனும் சொன்னான். என் காது சுட்டது.

அப்படி நடக்கவில்லை. அம்மா ஐந்து நாள் நன்றாகத்தான் ஓட்டினாள். ஆறாவது நாள் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. நிறுத்தினாள், இறங்கினாள், "எனக்கு பஸ்ஸே போதும்" என்றாள். பயந்துவிட்டாள். அவ்வளவுதான்.

உன்னைப் பார்க்காமலே பஸ் ஏறிவிட்டேன். தப்பாக நினைக்காதே.

அப்பா


மார்ச் 1

அப்பா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வகுப்புக்குப் போனேன், பாதியில் எழுந்து வந்துவிட்டேன். நூலகத்துக்குப் போனேன், அங்கேயும் இருக்க முடியவில்லை. கால் போன போக்கில் வளாகத்தை நான்கு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து எழுதுகிறேன்.

அனுமதி இல்லை என்றது பொய். நீங்கள் எதிரில் இருந்தால் உங்கள் குரலில் பேச எனக்கு வாய் வராது.

மற்றது எப்படி நுழைந்தது என்று சொல்கிறேன். எங்களுக்குப் பயிற்சி கொடுத்த சீனியர் அக்கா, "சிரிப்பு மட்டும் போதாதுடி. ஏழாவது நிமிஷத்துல ஒரு அடி விழணும்" என்றாள். அம்மா ஏன் ஓட்டுவதில்லை என்று எனக்குத் தெரியாது. தெரியாத இடத்தை நானே நிரப்பிக்கொண்டேன். முதல் ஒத்திகையில் "தடுத்திருப்பாரோ" என்றுதான் இருந்தது. இரண்டாவதில் "தடுத்தார்" ஆயிற்று. மூன்றாவதில் கையைத் தட்டிவிட்டீர்கள். ஒவ்வொரு தடவையும் கேட்டவர்கள் இன்னும் அமைதியானார்கள். மேடையில் சொன்னபோது எனக்கே அது நடந்த மாதிரி கண்ணீர் வந்தது அப்பா. அதை நினைத்தால்தான் என் மேலேயே பயமாக இருக்கிறது.

இறுதிச் சுற்று பதினான்காம் தேதி. அதே பேச்சைத்தான் பேச வேண்டுமாம், மாற்றக்கூடாதாம். விலகிவிடட்டுமா? என்ன செய்ய? நீங்களே சொல்லுங்கள்.

வாயாடி


மார்ச் 6

அன்புள்ள மகளுக்கு,

நான் சொல்லமாட்டேன். சொன்னால் அதுவும் பிரேக் என்பாய்.

வீடியோ இங்கேயும் வந்துவிட்டது. என்னிடம் பழகிய இரண்டு பெண்கள் இந்த வாரம் நின்றுவிட்டார்கள். ஒருத்தி பரீட்சை என்றாள், இன்னொருத்தி காரணம் சொல்லவில்லை. நூலகத்து அம்மா மட்டும் வருகிறார். நேற்று வண்டியை ஓரம் கட்டிவிட்டு, "சார், அது நிஜமா?" என்று நேராகவே கேட்டார். "கையைத் தட்டிவிட்டது நிஜமில்லை. மத்தது நிஜம்" என்றேன். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "சரி, கியர் எது போடணும்?" என்றார்.

அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. இந்தத் தடவை நான் வரமாட்டேன், கடைசி வரிசையில் தேடாதே. வேளாவேளைக்குச் சாப்பிடு.

அப்பா


மார்ச் 15

அன்புள்ள அப்பாவுக்கு,

நேற்று முடிந்தது. நான் வெல்லவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விலகத்தான் முடிவு செய்திருந்தேன். ஆனால் விலகினால் அந்தப் பொய் அப்படியே நின்றுவிடும். அதனால் ஏறினேன். ஆறு நிமிடம் அதே பேச்சு, அதே சிரிப்பு. உங்கள் இருமலுக்குக் கைதட்டலே விழுந்தது. ஏழாவது நிமிடத்தில் நிறுத்தினேன்.

"போன தடவை இந்த இடத்துல எங்க அம்மா கையை அப்பா தட்டிவிட்டார்னு சொன்னேன். அது நடக்கலை. உங்களை அமைதியாக்கறதுக்காக நான் கட்டினது. அப்பா அன்னிக்குக் கடைசி வரிசையில உட்கார்ந்து அதைக் கேட்டுட்டு இருந்தார்."

யாரோ சிரித்தார்கள், இதுவும் பேச்சில் ஒரு பகுதி என்று. பிறகு யாரும் சிரிக்கவில்லை. இன்னும் மூன்று நிமிடம் மிச்சமிருந்தது. சொல்ல ஒன்றுமில்லை. நானா, பேச ஒன்றுமில்லாமல்! நின்றேன். விளக்கு முகத்தில் அடித்தது. பிறகு "அவ்வளவுதான்" என்று இறங்கிவிட்டேன்.

படியில் ஒரு பேராசிரியர், நடுவர்களில் ஒருவர், "இது நிஜமா, இல்ல இதுவும் ஒரு கெட்டிக்காரத்தனமா?" என்று கேட்டார். பாசிக்காரிக்கு முதல் பரிசு. சீனியர் அக்கா என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வீடியோவை எடுத்துவிட்டார்கள், ஆனால் துண்டு துண்டாக ஊரெல்லாம் சுற்றுகிறதாம்.

மன்னிப்புக் கேட்கிறேன். போனில் கேட்டிருந்தால் "சரி, சாப்பிட்டியா" என்றிருப்பீர்கள்.

உங்கள் மகள்


மார்ச் 20

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். என் வரையில் அந்த விஷயம் தீர்ந்தது. நின்றுபோன இரண்டு பேர் திரும்பி வரவில்லை. வேறு ஆட்கள் வருவார்கள்.

ஆனால் ஒன்று நடந்தது. நேற்றுக் காலை அம்மாவை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லி, உன் கடிதத்தையும் படித்துக் காட்டினேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். வீடியோவை லேபில் எல்லாரும் சேர்ந்து என்றைக்கோ பார்த்துவிட்டார்களாம். மூன்று வாரமாக அங்கே அவளைப் பார்க்கிறவர்கள் எல்லாம் "பாவம்" என்கிறார்களாம்.

"நீங்க ஒண்ணு சொல்றீங்க, அவ ஒண்ணு சொல்றா. அவ கதையில நான் வாயில்லாப் பூச்சி, உங்க கதையில பயந்தாங்கொள்ளி. வண்டியை விட்டு இறங்கினது நான். என்னை யாராவது கேட்டீங்களா?" என்றாள். "பயந்துதானே இறங்கின?" என்று கேட்டேன். பையை எடுத்துக்கொண்டு வழக்கத்தைவிடப் பத்து நிமிடம் முன்னதாகவே வேலைக்குப் போய்விட்டாள்.

பதினாறு வருடமாக அது பயம் என்றே நினைத்திருந்தேன். நேற்றிலிருந்து எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை.

நீ அவளுக்குத் தனியாக எழுது.

அப்பா


மார்ச் 23

அன்புள்ள அம்மா,

மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். மன்னிப்பு என்று ஆரம்பித்தால் அது என் பேச்சாகிவிடுகிறது. விளக்கம் என்று ஆரம்பித்தால் இன்னும் மோசம்.

அன்றைக்கு நீ ஏன் இறங்கினாய்?

நான் கேட்கிறேன். நடுவில் பேசமாட்டேன்.

உன் மகள்


மார்ச் 27

மகளுக்கு,

எழுத எனக்கு வராது. ஞாயிற்றுக்கிழமை வா, நேரில் சொல்கிறேன். அப்பாவை அன்றைக்குக் காலையிலேயே வெளியே போகச் சொல்லிவிட்டேன். நானும் தெரிஞ்சுக்கறேனே என்று கெஞ்சினார். அவரிடம் பிறகு சொல்கிறேன் என்றுவிட்டேன்.

இதையும் மேடைக்குக் கொண்டுபோகிற எண்ணம் கொஞ்சம் இருந்தாலும் வராதே.

அம்மா