கேக்கின் அடியில் ஒட்டிய கடைசிப் பக்கம்

அண்ணா,

பட்டர் பேப்பர் தீர்ந்தால் மனிதர்கள் கடைக்குப் போவார்கள். நீ என் நாவலின் கடைசித் தாளைக் கிழித்து கேக் டின்னில் விரித்திருக்கிறாய். கேட்டால், "எல்லாம் பேப்பர்தானே, பாப்பா!" என்கிறாய். பனியில் தொலைந்த கதாநாயகி பிழைத்தாளா என்பது இப்போது உன் கேக்கின் அடியில் ஒட்டியிருக்கிறது.

விருந்தாளிகள் முன்னால் அண்ணி சுட்ட கேக்கைக் கல் என்று சொல்லிச் சிரித்துத்தானே அவரைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பினாய்? உன்னுடையதைப் பெயர்க்க உளி வேண்டும். "நாலு மணிக்கு வர்றேன், துணி எடுக்க மட்டும்தான்" என்று ஃபோனில் சொன்னார். அதற்குள் இன்னொன்று சுடு.

டின்னின் அடியிலும் ஓரத்திலும் வெண்ணெய் தடவி, மைதா தூவு. ஒட்டாத மாவைக் கவிழ்த்துத் தட்டிவிடு. கேக் வெந்ததும் பத்து நிமிடம் ஆறவிட்டு, ஓரமாகக் கத்தியை ஒரு சுற்று ஓட்டிக் கவிழ். என் புத்தக அலமாரிப் பக்கம் போகாதே.

நான் நூலகத்தில் இருப்பேன், அந்தக் கடைசிப் பக்கத்தைப் படிக்க.

பி.கு.: முட்டை இரண்டுதான் மிச்சம். கீழே போட்டுத் தொலைக்காதே.

இன்னும் ஒன்று. அண்ணி வந்ததும் முதலில் மன்னிப்புக் கேள், கேக்கை அப்புறம் கொடு. முந்திக் கொடுத்தால் லஞ்சம் மாதிரி இருக்கும், தொடக்கூட மாட்டார்.