ஏழாம் பத்தி

ரெங்கம்
12.5.2024

அன்புத் தம்பி லோகாவுக்கு,

நாங்க ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்கோம். நீ நேரத்துக்குச் சாப்பிடுறியான்னு கேட்டா பொய்தான் சொல்லுவ, அதனால கேக்கல. போன் பண்ணா ‘மீட்டிங்ல இருக்கேன் அக்கா’ன்னு வச்சிடுற. கடுதாசியை அப்படிப் பாதியில வைக்க முடியாதுல்ல, அதான் எழுதுறேன்.

விஷயம் இதுதான். நம்ம தாமான் குடியிருப்புக்குப் பின்னால மேட்டுல காடு இருக்கே, அதை வெட்டிட்டு சோலார் பண்ணை போடப் போறாங்களாம். முன்னூறு ஏக்கர். அந்தக் கரண்டெல்லாம் ஜொகூர் பாரு பக்கம் வர்ற டேட்டா சென்டருங்களுக்காம். போர்டு நட்டுட்டாங்க.

மேட்டுல பெய்யிற மழையை அந்தக் காடுதான் குடிச்சுக்கிட்டு இருக்கு. அது இருக்கும்போதே போன வருஷம் மார்ச்சுல கணுக்கால் வரைக்கும் வீட்டுக்குள்ள தண்ணி. அது இல்லாம போனா? உன் மாமா குடியிருப்பாளர் சங்கத் தலைவராச்சே, சும்மா இருப்பாரா? பள்ளிக்கூட பஸ்ஸை ஓட்டி முடிச்சு வந்து, சட்டையைக்கூட மாத்தாம வீடு வீடா போனார். அறுபத்து நாலு வீட்டுலயும் கையெழுத்து வாங்கி மாவட்ட ஆபீசுல ஆட்சேப மனு கொடுத்துட்டார்.

கார்பன், பருவநிலைன்னு பேசுற இலாகாவிலதானே நீ இருக்க. இந்த பைல் உன் கைக்கு வந்தா எங்களை நெனச்சுக்கய்யா.

என் மக ரூபினி கெலாங் பாத்தாவுல வீடு எடுத்துட்டா. தினமும் ரெண்டாவது பாலம் வழியா சிங்கப்பூர் வேலைக்குப் போய் வர்றா. உன்னை விசாரிச்சா.

அன்புடன்,
அக்கா ஷாமளா


புத்ராஜெயா
2.6.2024

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. அந்தக் கோப்பு என் கைக்கு வருமா என்று கேட்டிருந்தாய். என் மேசையில்தான் இருக்கிறது.

இதை மாமாவும் நீயும் சேர்ந்து உட்கார்ந்து பொறுமையாகப் படியுங்கள். நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுப்பதை நிறுத்தினால்தான் இனி வரும் பிள்ளைகளுக்கு விமோசனம். கார்பன் உமிழ்வைக் குறைப்போம் என்று உலகத்தின் முன்னால் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். நான் இருபத்திரண்டு வருடமாக இதற்காகத்தான் கூட்டத்துக்கு மேல் கூட்டமாக உட்கார்ந்திருக்கிறேன். முதல் பத்து வருடம் நாங்கள் பேசினால் மற்ற இலாகாக்காரர்கள் தேநீர் குடிக்க எழுந்து போவார்கள். இப்போதுதான் காது கொடுக்கிறார்கள். உமிழ்வுச் சட்டம் வந்துவிடும் போலிருக்கிறது. டேட்டா சென்டர்கள் எப்படியும் வரும். சூரிய ஒளியைக் கொடுக்காவிட்டால் நிலக்கரியைக் கொடுப்பார்கள். காடு போவது எனக்கும் வலிக்கிறது, அக்கா. ஆனால் காடு வேறு இலாகா. என் கையில் இருப்பது மின்சாரம் மட்டும்தான்.

தண்ணீரை நினைத்துப் பயப்படாதே. ஒரு மரத்தை வெட்டுவதற்கு முன் தண்ணீர் தேக்கும் குளங்கள் இரண்டு வெட்ட வேண்டும். என் குறிப்பில் ஏழாம் பத்தி அதுதான். நானே எழுதியது. ஆனால் மனு நிலுவையில் கிடந்தால் வருடக்கணக்கில் இழுக்கும், முதலீட்டாளர்கள் வேறு நாட்டுக்குப் போய்விடுவார்கள். மாமாவிடம் சொல்லி மனுவைத் திரும்பப் பெறச் சொல். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

தீபாவளிக்கு வருகிறேன். முறுக்கை இப்போதே சுட்டு வைத்துவிடாதே.

என்றும் உன்,
லோகேஸ்வரன்


ரெங்கம்
21.8.2024

அன்புத் தம்பிக்கு,

நீ சொன்ன மாதிரியே மாமா மனுவைத் திரும்ப வாங்கிட்டார். போட்ட கையெழுத்தை வேணாம்னு சொல்லவும் கையெழுத்து வேணுமாம். மறுபடியும் வீடு வீடா நடந்தார். ‘உங்க மச்சான் பெரிய ஆபீசர், அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்’னு எல்லாரும் போட்டுக் கொடுத்தாங்க. முனைக்கடை ஜஹானாரா மட்டும், “அண்ணே, அந்தக் குளத்தை வெட்டுவோம்னு எழுத்துல இருக்கான்னு கேளுங்க. இருந்தா ஒரு காப்பி வாங்கித் தாங்க, போடுறேன்”னு சொல்லிட்டா. மாமாவுக்கு மூஞ்சி சுருங்கிப் போச்சு. “என் மச்சான் வாய்ச்சொல்லே எனக்கு எழுத்துதான்”னு சொல்லிட்டு வந்துட்டார். அவ கடையில டீ குடிக்கிறதையும் நிறுத்திட்டார். பாவம், அவ என்ன தப்பாக் கேட்டா?

மரம் வெட்ட ஆரம்பிச்சு ரெண்டு வாரம் ஆச்சு. வீடெல்லாம் செம்மண் தூசி. குரங்குங்க போக்கிடம் இல்லாம அடுப்படிக்குள்ள வருது. பாதி மேடு மொட்டையாயிடுச்சு.

குளம் வெட்டுற மாதிரி தெரியலையே, தம்பி. எங்கே வெட்டுறாங்க? மேட்டுக்கு அந்தப் பக்கமா? மாமா கேக்கச் சொல்லல. நானாத்தான் கேக்கறேன்.

அக்கா


மாநாட்டு விடுதியிலிருந்து
18.11.2024

அன்புள்ள அக்கா,

தீபாவளிக்கு வர முடியாததற்கு மன்னித்துவிடு. இந்தப் பருவநிலை மாநாட்டுக்கான கோப்புகளைத் தயார் செய்வதிலேயே மாதம் போய்விட்டது. இங்கே நல்ல குளிர். நிலக்கரியை ‘நிறுத்துவது’ என்று எழுதுவதா, ‘குறைப்பது’ என்று எழுதுவதா என்று இரண்டு நாளாகப் பேசுகிறார்கள். எங்கள் குழு எந்தப் பக்கம் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. மேலே கேட்டிருக்கிறோம்.

குளம் பற்றி மாவட்ட அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறேன். ஒப்புதல் நிலையில் இருக்கிறது. மழைக்காலம் தொடங்கிவிட்டதே, தாமானைச் சுற்றியுள்ள பெரிய லோங்காங் சாக்கடையில் குப்பை அடைக்காமல் மாமாவைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொல்.

அவசரத்தில் எழுதுகிறேன்.

லோகா


ரெங்கம்
9.2.2025

லோகாவுக்கு,

சாவுக்கு வந்த, மூணு நாள் ஒரு ஓரமா நின்ன, போயிட்ட. என்ன நடந்துச்சுன்னு நீயும் கேக்கல, யாரும் உனக்குச் சொல்லவும் இல்ல. நான் சொல்றேன்.

ஜனவரி பதினொன்னு, சனிக்கிழமை. ரெண்டு நாளா விடாத மழை. காலையில ஒன்பது மணிக்கு மாமா பசியாறிட்டு இருந்தார். மேட்டுப் பக்கம் லாரி கல்லைக் கொட்டுற மாதிரி ஒரு சத்தம். வாசலுக்கு வந்து பார்த்தா சிவப்புத் தண்ணி. கணுக்கால்னு பார்த்துட்டு இருக்கும்போதே முட்டி. அவ்வளவு வேகமா வந்ததே இல்ல தம்பி. வெள்ளம்னா மெதுவா ஏறும், சாமானைத் தூக்கி வைக்க நேரம் கொடுக்கும். இது கொடுக்கல.

மாமா பள்ளிக்கூட பஸ்ஸை மெயின் ரோட்டுல கொண்டு போய் நிறுத்தினார். பக்கத்து வீட்டுச் செல்லத்துக்கு நடக்க முடியாதுல்ல, அவங்களைத் தோள்ல தூக்கிட்டு வந்து பஸ்ல உட்கார வச்சார். என்னையும் ஏத்தினார். “ராஜசேகரன் வீட்டுக் கதவு மூடியிருக்கு, ஆளு உள்ள இருக்காங்களான்னு பார்த்துட்டு வந்துடுறேன்”னார். “வேணாங்க, போகாதீங்க”ன்னேன். “நான்தானே தலைவரு லா”ன்னு சிரிச்சார். ராஜசேகரன் குடும்பம் முந்தின நாளே கல்யாணத்துக்கு ஜொகூர் பாரு போயிருந்தது. வீட்டுல யாருமே இல்ல.

ரோடு எது, லோங்காங் எதுன்னு தெரியாத மாதிரி தண்ணி. மாமா கால் வச்ச இடம் லோங்காங். நான் பஸ் ஜன்னல்ல இருந்து பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். கை ஒரு தடவை மேல வந்துச்சு. அப்புறம் வரல. மறுநாள் மத்தியானம்தான் தீயணைக்கிற பொம்பாக்காரங்க செம்பனைத் தோட்டத்து ஓரத்துல எடுத்தாங்க.

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சதும் நான் மேட்டுக்கு ஏறிப் போனேன். ஜஹானாராதான் கையைப் பிடிச்சுக் கூட்டிப் போனா. மேடு முழுக்க சுத்திப் பார்த்தோம். அந்தப் பக்கமும் பார்த்தோம்.

குளம் எங்கே, தம்பி?

ஷாமளா அக்கா


புத்ராஜெயா
3.3.2025

அக்கா,

இந்தக் கடிதத்தை நாலு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். நேராகச் சொல்லிவிடுகிறேன்.

குளம் வெட்டவில்லை. வெட்டச் சொல்லி யாருக்கும் உத்தரவே போகவில்லை. ஏழாம் பத்தியை நான் எழுதியது உண்மை. மே மாதம் இருபத்தெட்டாம் தேதி என் மேலதிகாரி அறைக்குக் கூப்பிட்டார். “குளம் முதலில் என்றால் பதினெட்டு மாதம் தாமதம். அதற்குள் நிறுவனம் ஓடிவிடும். இந்த ஒரு திட்டம் போனால் உன் உமிழ்வுச் சட்டத்தையும் மறந்துவிடு” என்றார். திட்டி மிரட்டியிருந்தால் ஒருவேளை எதிர்த்திருப்பேன். அவர் பரிவாகத்தான் சொன்னார். நானே உட்கார்ந்து அந்தப் பத்தியை நீக்கினேன். எட்டாம் பத்தி ஏழாம் பத்தி ஆனது.

ஐந்து நாள் கழித்து உனக்கு எழுதினேன். எழுதினேன் என்றேன், நீக்கினேன் என்று சொல்லவில்லை. பிறகு எப்படியாவது குளத்தை வெட்ட வைத்துவிடலாம் என்று நம்பினேன். மாவட்ட அலுவலகத்துக்கு எழுதியதாகச் சொன்னதும் பொய். எழுதினால் பத்தி எங்கே போனது என்று கேட்பார்கள் என்று பயந்தேன்.

எதற்காக இதைச் செய்தேனோ அதுவும் நடக்கவில்லை. சட்ட முன்வரைவை மறுபடியும் தள்ளி வைத்துவிட்டார்கள். உங்கள் மேட்டு மின்சாரம் வந்தாலும் நிலக்கரி உலை ஒன்றுகூட நிற்கப்போவதில்லை. டேட்டா சென்டர்களுக்கு அதுவும் வேண்டும், இதுவும் வேண்டும். எங்கள் அறிக்கையில் மட்டும் உங்கள் மேடு இத்தனை ஆயிரம் டன் உமிழ்வு மிச்சம் என்று ஒரு வரியாக ஏறும். அந்த வரியை எழுதப் போவதும் நான்தான்.

ராஜினாமா எழுதி வைத்திருக்கிறேன். கொடுக்கட்டுமா? நீ சொல். போலீஸில் போய்ச் சொல்லச் சொன்னாலும் சொல்கிறேன். எதையாவது சொல், அக்கா. திட்டி எழுது.

லோகா


ரெங்கம்
27.7.2025

லோகாவுக்கு,

உன் கடுதாசி வந்து நாலு மாசத்துக்கு மேல ஆச்சு. பதில் எழுதாததுக்குக் கோபம் மட்டும் காரணம் இல்ல. என்ன எழுதறதுன்னு தெரியல.

ராஜினாமா கொடுக்கட்டுமான்னு என்னைக் கேக்கற. அதை ஏன் என் தலையில வைக்கிற? நீ எழுந்து போனா அந்த நாற்காலியில இன்னொருத்தன் உட்காருவான். அவனுக்கும் ஒரு அக்கா எங்கேயோ இருப்பா. நீ இருந்தாலும் ஒன்னுதான், போனாலும் ஒன்னுதான். போலீசுக்கு ஜஹானாரா போனா. நான் சொல்லித்தான். நீ எழுதினதையும் கொடுத்தேன், மறைக்கல. அது கொள்கை முடிவு, எங்க வேலை இல்லன்னு சொல்லி, காகிதத்தை மடிச்சுத் திருப்பிக் கொடுத்துட்டாங்க. பத்திரிகைக்காரர் ஒருத்தர் வந்து போட்டோ எடுத்தார். பேப்பர்ல ஒன்னும் வரல.

போன மாசம் சோலார் பண்ணையைத் திறந்தாங்க. பெரிய ஆளுங்க வந்தாங்க. சாலையெல்லாம் கொடி. அன்னைக்கும் மழை. எங்க சனங்க மழை வந்தா இப்ப வேடிக்கை பார்க்கிறதில்ல, அடையாளக் கார்டைப் பையில போட்டுட்டு வாசல்ல வந்து நின்னுடுறாங்க. பெரிய ஆளுங்க மேட்டுல ரிப்பன் வெட்டினாங்க, நாங்க கீழ நின்னோம்.

அறுபத்து நாலு வீட்டுல பதினோரு வீட்டுலதான் இப்ப ஆளு இருக்கு. செல்லத்தை அவங்க மகன் வந்து கூட்டிட்டுப் போயிட்டான். இப்ப ரெண்டாம் கட்டமாம். இது வெள்ளம் வர்ற இடம், குடியிருக்க லாயக்கில்லன்னு சொல்லி, நம்ம தாமான் வரைக்கும் சோலார் கண்ணாடி அடுக்கப் போறாங்களாம். ஜஹானாரா புது மனு எழுதிக்கிட்டு வந்தா. “அக்கா, முதல் கையெழுத்து உங்களோடது”ன்னா. பேனாவைக் கையில வாங்கினேன். எழுத வரல. போட்டா என்ன ஆகும்னு தெரியும், போடலன்னா என்ன ஆகும்னும் தெரியும். பேனாவைத் திருப்பிக் கொடுத்துட்டேன். அவ அதை வாங்கிக்கிட்டா. அடுத்த வீட்டுக்குப் போனா. அங்கே யாரும் இல்லன்னு அவளுக்கும் தெரியும், கொஞ்ச நேரம் கதவைத் தட்டிட்டு நின்னா.

மாமா கடைசி வரைக்கும் உன்னைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாப் பேசல. குளம் வரலையேன்னு யாராவது கேட்டா, “வரும், மச்சான் பார்த்துக்குவான்”னுதான் சொன்னார். நம்பிக்கிட்டேதான் போனார். அவரு ஏமாந்தது அவருக்கே தெரியாம போச்சேன்னு நெனச்சா எனக்கு நிம்மதியாவும் இருக்கு, வயிறும் எரியுது.

உன்னைத் திட்டி எழுதச் சொன்ன. சின்ன வயசுலேருந்து எத்தனையோ திட்டியிருக்கேன். திட்டுனா நீ அழுவ, நான் சமாதானம் பண்ணுவேன், அத்தோட சரியாயிடும். இது அப்படிச் சரியாகிற விஷயம் இல்ல. அதனால திட்டல.

அடுத்த ஞாயித்துக்கிழமை ரூபினி லாரி கொண்டு வர்றா. வீட்டைப் பூட்டிட்டு அவகூடப் போறேன். அவகிட்ட நான் ஒன்னும் சொல்லல, உன்னோட அந்தக் கடுதாசியை அவளே எடுத்துப் படிச்சுட்டா. இனிமே நீ போன் பண்ணா எடுக்க மாட்டா. அவளைக் கட்டாயப்படுத்தாத. வருஷத் திதியை அங்கே கோயில்லயே பண்ணிக்கிறோம். நீ வர வேணாம்.

அவ வீட்டு முகவரியை இதுல எழுதல. மறந்துட்டேன்னு நெனச்சுக்காத.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா