நிலையான வருமானம்

மார்ச் 4

இன்றைக்குச் சண்டை துணிசோப்புக்கு. "போன வாரம்தானே ஒண்ணு வாங்கின? தின்னுறியா என்ன?" என்று கேட்டார் கணவர். பக்கத்தில் மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நான் செலவைக் கைப்பேசியில் பதிந்தேன். வாங்கிய பொருளையெல்லாம் அன்றன்றே பதிந்தாக வேண்டும். அவர் வைத்த சட்டம்.

ஏழு வருஷமாக இப்படித்தான். இரண்டு சம்பளத்திலும் மிஞ்சுவதையெல்லாம், லாபத்தில் ஒரு பகுதியை டிவிடெண்டாகத் தருகிற கம்பெனிகளின் பங்குகளில் போடுகிறார். அந்த டிவிடெண்ட் வீட்டுச் செலவை எட்டிப் பிடிக்கிற அன்று ரெண்டு பேருமே வேலையை விட்டுவிடலாம் என்று சொன்னார். ரெண்டு பேருமே. அந்த வார்த்தையை நம்பித்தான் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 9

மகளுக்கு ஷூ இறுகிவிட்டது. அவர் முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு மூணு மாசம் தாங்கும்" என்றார். தாங்காது. அவள் உள்ளே விரல்களை மடக்கிக்கொண்டு நின்றாள், எனக்குத் தெரிந்தது. ஒன்பது வயதில் இவளுக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தது?

மார்ச் 21

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இன்று நெரிசல். நாள் முழுக்க நின்றபடியே ஊசி குத்தினேன். குதிகால் விண்விண்ணென்று தெறிக்கிறது. நரம்பு கிடைக்கவில்லை என்று ஒரு பெரியவர் திட்டினார். வாங்கிக்கொண்டேன். இன்னும் கொஞ்ச நாள்தானே.

ஏப்ரல் 2

நான் வீட்டுக்கு வந்தபோது சோபாவில் காலை நீட்டிப் படுத்திருந்தார். "வேலைய விட்டுட்டேன்! டிவிடெண்ட் எட்டிடுச்சு. இனிமே எவன் முன்னாடியும் கைகட்டி நிக்க வேண்டாம்!"

எனக்கும் சிரிப்பு வந்தது. பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டேன்: "அப்ப நான் எப்ப எழுதிக் குடுக்கட்டும்?"

"நீயா? நீயும் விட்டுட்டா வாடகைய யாரு குடுக்கறது? ஸ்கூல் ஃபீஸ்?"

கணினியைத் திறந்து காட்டினார். ஒரு பக்கம் செலவு, ஒரு பக்கம் வரவு. வரவில் டிவிடெண்டுக்கும் மேலே, முதல் வரியில், 'நிலையான வருமானம்'. அது நான். என்னைக் கூட்டினால்தான் வரவு செலவை எட்டுகிறது. அடுத்த இருபது வருஷத்துக்கும் என் சம்பளத்தை வரிசையாக நிரப்பி வைத்திருக்கிறான். வருடா வருடம் கொஞ்சம் ஏற்றி வேறு.

'அவர்' என்று எழுத இனிக் கை வராது.

ஏப்ரல் 3

வேலைக்குப் போனேன். வந்தேன்.

ஏப்ரல் 17

முன்பு மாலையில்தான் விசாரணை. இப்போது நாள் முழுக்க. நான் ஏதாவது வேக வைத்தால் வந்து அடுப்புத் தீயைச் சிறிதாக்கிவிட்டுப் போகிறான். சமைப்பது இல்லை — சிறிதாக்குவது மட்டும்.

மாமியார் ஃபோனில், "பாவம்மா, உழைச்சு ஓடாத் தேஞ்சுட்டான். கொஞ்ச நாள் உக்காரட்டும்" என்கிறாள். ஓடாய்த் தேய்ந்தவன் தொப்பையைத் தடவிக்கொண்டு டிவி பார்க்கிறான். அப்போ நான் யார்? கறவை மாடா?

ஏப்ரல் 25

கேட்டேவிட்டேன். "பங்கெல்லாம் யார் பேர்ல இருக்கு?"

"என் பேர்லதான். பேர்ல என்ன இருக்கு? எல்லாம் குடும்பத்தோடதுதானே."

"ஒண்ணும் இல்லன்னா பாதிய என் பேருக்கு மாத்துங்க."

சிரித்தான். அந்தச் சிரிப்புதான் என்னைப் பேச வைத்தது. "அடுத்த மாசத்துலருந்து என் சம்பளம் தனிக் கணக்குக்கு வரும். வாடகை, ஃபீஸ், மளிகை, எல்லாத்துலயும் பாதி தர்றேன். அவ்வளவுதான்."

"மிரட்டறியா?"

"இல்ல. தகவல் சொல்றேன்."

சொல்லும்போது குரல் பிசிறவில்லை.

மே 6

சம்பளம் என் கணக்கில். மகளுக்கு ஷூ வாங்கினேன். பதியவில்லை.

மே 20

டிவிடெண்ட் போதாமல், தன் பாதி வாடகைக்காகப் பங்குகளை விற்கிறானாம். தட்டை டொக்கென்று வைக்கிறான், கதவை அறைகிறான். "ஏழு வருஷம் கட்டினத இடிக்கற. உன் மனசுல ஈரமே இல்ல" என்றான்.

"எப்படி இருக்கும்? நீங்கதான் பிழிஞ்சுட்டீங்களே."

மகள் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அது மட்டும் வலித்தது.

ஜூன் 12

பங்குகளில் பாதியை என் பேருக்கு மாற்றிவிட்டான். பாசத்தால் இல்லை. மாற்றினால், வேலை கிடைக்கும்வரை அவன் பாதியையும் நானே கட்டுகிறேன் என்று சொல்லியிருந்தேன். இப்படியே விற்றுத் தின்றால் எத்தனை மாதத்தில் கரையும் என்று அவனுடைய கணக்கே சொல்லிவிட்டது. வேலையும் தேடிக்கொண்டான். பழையதைவிடச் சம்பளம் குறைவு. நான் துக்கம் விசாரிக்கவில்லை.

செப்டம்பர் 8

என் பேரில் முதல் டிவிடெண்ட் வந்திருக்கிறது.

"அப்படியே அதுலயே திரும்பப் போட்டுடு" என்றான், சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டே. என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இன்னைலருந்து ஒரு வாரம் சம்பளமில்லா லீவு எழுதிக் குடுத்திருக்கேன். இந்தப் பணம் அதுக்கு."

வாயைத் திறந்தான். பேருந்துக்கு நேரமாகியிருந்தது. மூடிக்கொண்டு கிளம்பினான்.

மகளைப் பள்ளி வண்டியில் ஏற்றிவிட்டு வந்து கதவைத் தாழிட்டேன். வெளியே யார் யாரோ வேலைக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். திரைச்சீலையை இழுத்துவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டேன்.